மூக்குக்கு ஒரு வழக்கு

சோப்புத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயர் அல்ல. காய்ச்சி இறக்கும் ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து பார்த்து, வெளியே போகலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்தார். எண்ணெய் கொஞ்சம் காறியிருந்தால் போதும், கருவிகள் காட்டுவதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவார். மேலாளர் முறைத்தாலும் ஆட்டிய தலை ஆட்டியதுதான்.

ஒருநாள் வாசனைத் தைலக் கிடங்கில் மேல்தட்டு சரிந்து ஒரு பீப்பாய் அவர்மேல் உருண்டது. மல்லாந்து விழுந்ததில் பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதியது. அந்தத் தட்டின் திருகாணி கழன்றிருக்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து தையல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. "எலும்பு உடையல, நல்லவேளை" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"பால் தீஞ்சு வீடே நாறுது. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் பேப்பரைத் தாழ்த்தி அடுப்பைப் பார்த்தார். பாத்திரம் கரியாக இருந்தது. எழுந்து போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். பிறகு மண்ணெண்ணெய். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளின் தலை. எதிலும் ஒன்றுமில்லை.

ஆறு மாதம் பார்த்த மருத்துவர், மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் அறுந்திருக்கின்றன, இனி திரும்புவது கடினம் என்றார். தொழிற்சாலை அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றி, சம்பளத்தைக் குறைத்து, ஒரு சிறு தொகையைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னது. போட இருந்தார். மனைவியின் தம்பிதான் தடுத்து, ஒரு வக்கீல் அம்மாளிடம் கூட்டிப் போனான்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விரல் போனா இவ்வளவு, கண்ணு போனா இவ்வளவுன்னு சட்டத்துல பட்டியலே இருக்கு. மோப்பம் அதுல இல்ல. இல்லைங்கிறதால கிடைக்காதுன்னு அர்த்தம் இல்ல, நாம நிரூபிக்கணும். அவங்க அஜாக்கிரதைக்கு நீங்க எழுதிக் கொடுத்த சீட்டு சாட்சி. உங்க இழப்புக்குத்தான் சாட்சி வேணும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்பாங்க. உங்க புண்ணு கையில இல்லையே."

வழக்குப் போட்டதும் தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் கம்பெனி, தங்கள் மருத்துவர் அவரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டது. சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் மைத்துனன் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, எதை நீட்டினாலும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடுங்க. கல்லு மாதிரி உட்காருங்க. உப்பு தெரியுது, உறைப்பு தெரியுதுன்னு ஆரம்பிச்சீங்கன்னா கேஸு அம்போ."

"அவரு பொய் சொன்னா காது சிவந்துடும்டா" என்றாள் மனைவி.

"காதையா பார்க்கப் போறாங்க? மூக்கைத்தானே?"

மருத்துவர் சிரிக்காத மனிதர். கண்ணை மூடச் சொல்லி, சின்னப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார். எட்டுப் புட்டிகளுக்கும் "தெரியலைங்க" என்றார் மூக்கர். அது உண்மை. ஒன்பதாவது புட்டி வந்ததும் ஊசியை ஏற்றினாற்போல மூக்கு எரிந்து, நெற்றிப்பொட்டு வரை போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மைத்துனன் சொன்னது காதில் ஒலித்தது. தெரிகிறது என்றால் மோப்பம் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள், ஒரு வருட அலைச்சல் வீண். தும்மல் வருகிறது என்று சமாளிக்கலாம். ஆனால் மூக்கருகே ஒன்றை நீட்டி என்ன என்று கேட்டால், இருப்பதை இருப்பதாகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை.

"வாசனை ஒண்ணும் தெரியலைங்க. ஆனா எரியுது. ரொம்ப எரியுது."

"என்ன பொருள்னு சொல்ல முடியுமா?"

"முடியலைங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டு மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதையா இருக்கு" என்று போனவன் இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. மூக்கர் வேலைக்குப் போனார், பெட்டி கட்டினார், வந்தார்.

மூன்றாவது வாரம் வக்கீல் மூவரையும் வரச் சொன்னார். மேஜைமேல் மருத்துவர் அறிக்கை இருந்தது.

"அந்த ஒன்பதாவது புட்டி அமோனியா. அதோட எரிச்சல் மோப்ப நரம்பு வழியா போறதில்ல, முகத்து நரம்பு வழியா போகுது. மோப்பம் சுத்தமா செத்துப்போனவங்களுக்கும் எரியும். நடிக்கிறவங்கதான் அதையும் தெரியலம்பாங்க. அவங்களைப் பிடிக்கத்தான் அந்தப் புட்டியே." அவர் கடைசி வரியைப் படித்தார். "இழப்பு உண்மையானது, முழுமையானது. அவங்க டாக்டரே எழுதியிருக்காரு."

மனைவி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து மடக்மடக்கென்று குடித்தான்.

"சரிக்கா, மூக்கு உடைபட்டது எனக்குத்தான்" என்றான்.

விசாரணையில் தீர்ப்பாய அதிகாரி கேட்டார்: "சம்பளம் குறைஞ்சது புரியுது. வேற என்ன கஷ்டம்?"

மூக்கர் கொஞ்சம் யோசித்தார். "கேஸ் கசிஞ்சா தெரியாது. சாப்பாட்டுல உப்பு, புளிப்பு, இனிப்புதான் இருக்கு, சாப்பாடு இல்ல. அப்புறம்..." என்று நிறுத்தினார். "என் உடம்பு நாறுதான்னு எனக்கே தெரியாதுங்க. பஸ்ல யார் பக்கத்துலயும் உட்காருறதில்ல. நின்னுக்கிட்டே போறேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்த மனைவிக்கு அதுவரை அது தெரியாது.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கேட்டதைவிடக் குறைவு, தொழிற்சாலை காட்டியதைவிடப் பல மடங்கு. மேல்முறையீடு வேண்டாம் என்று இரு தரப்பும் முடிவு செய்தன. மைத்துனன் தீர்ப்பாயத்தில் உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, "சந்தோஷம்தானே மாமா?" என்றான்.

"நியாயம் கிடைச்சுது மாப்ள. மூக்கு கிடைக்கல. சந்தோஷமான்னு இன்னும் தெரியல."

அவன் வண்டியை எடுக்கப் போனதும் மனைவி படிக்கட்டில் நின்றாள்.

"பஸ்ல நின்னுக்கிட்டே போறதை அந்த ஆபீசர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்கலையே."

"எதுக்குக் கேட்கணும்? நாறினா நான் சொல்ல மாட்டேனா? இத்தனை வருஷத்துல உங்ககிட்ட எந்தக் குறையையாவது சொல்லாம விட்டிருக்கேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான், ஒன்றைக்கூட விட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினாள்.