பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்

பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குப் பதினோரு மணிக்கே மைலோ ஸ்வாடெக் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொலைபேசியில் நடக்கிற கூட்டம் அது. இவரை ஈ காக்கைகூடப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டை, ஈஸ்டருக்கும் சாவுக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வருகிற நீலக் கோட்டு. மனைவி ஆர்டித் இருந்திருந்தால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "யாருக்கு இந்த மாப்பிள்ளை வேஷம்? ஃபோனுக்கா?" என்று இரண்டு கையாலும் கேலி பண்ணியிருப்பாள். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

மைலோவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளுக்கும் அப்படித்தான். ஐம்பத்தொரு வருஷம் அந்த வீட்டில் கையாலேயே பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமும் ஆனவர்கள். நெப்ராஸ்காவில், மக்காச்சோள வயலுக்கு நடுவே ஒற்றையாக நிற்கிற வீடு. தபால்காரர் முதல் பாதிரியார் வரை வருகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு அமைதியான வீடு!" என்பார்கள். என்னத்தைக் கண்டார்கள்! வாய் நிறையச் சாப்பாடு இருந்தாலும் பேச்சு நிற்காத வீடு அது. பன்னுக்கு மாவு பிசைந்த கையோடு ஆர்டித் திட்ட ஆரம்பித்தால் மாவு சுவரில் போய்த் தெறிக்கும். அது இப்போதுதான் அமைதியான வீடு. பேச ஆள் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மைலோ கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

கூட்டம் என்றது மாநிலத்தின் குடிமை உரிமை ஆலோசனைக் குழுவின் கூட்டம். இங்கிலீஷ் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் ஆஸ்பத்திரியில் என்ன பாடு படுகிறார்கள் என்று ஒரு வருஷமாக விசாரித்து, நூறு பக்கத்துக்கு அறிக்கை தயாரித்திருந்தார்கள். இன்று அதற்கு ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக்குப் பத்து நிமிடம், ஆளுக்கு மூன்று. அந்த மூன்று நிமிடத்தில் மைலோவுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஓட்டு விழுந்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

'பொதுமக்கள் அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்' என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள். அந்த அன்பின் லட்சணம் இது. முதல் கூட்டத்துக்கு, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பத்து நாள் முன்னால் கேட்க வேண்டுமாம். இவர் ஒன்பதாவது நாள் கேட்டார், முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு, இவருக்காகத் தொலைபேசியில் பேசுகிற ரிலே ஆபரேட்டர் மூலம் கூப்பிட்டார். ஏதோ சாமான் விற்கிறவன் என்று நினைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவதற்கு உறுப்பினர்களே போதுமான பேர் வரவில்லை, கூட்டமே நடக்கவில்லை. அதற்கும் டை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

டென்வரிலிருந்து மகள் ட்ரூடி காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். "அப்பா, லெட்டர்தான் போட்டாச்சே. திரும்பவும் எதுக்கு இந்த அலைச்சல்?" போட்டார்தான். 'தங்கள் கருத்து பெறப்பட்டது, நன்றி' என்று ஒரு வரி வந்தது. காகிதத்தை வாசிக்காமலே அடுக்கி வைத்துவிடலாம். காதில் விழுந்ததை என்ன செய்வார்கள்? கேட்டுத்தானே ஆக வேண்டும். கேட்கிற காது இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது கேட்கட்டும் என்பது மைலோவின் பிடிவாதம். ட்ரூடிக்கு எழுதிய பதிலில் அதைச் சொன்னார். கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை மகளிடமும் சொன்னதில்லை.

ரிலே என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மைலோ கணினியில் தட்டுவதை எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் தொலைபேசியில் உரக்க வாசிப்பார். அந்தப் பக்கம் பேசுவதை இவருக்குத் தட்டி அனுப்புவார். சொந்தமாக ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருவர் முடித்ததும் 'உங்கள் முறை' என்று போடுவார்கள். முகம் பார்த்துச் சைகையில் பேசுகிற வசதியும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த வயல்காட்டு இணையத்தில் படம் பாதியில் உறைந்து, எதிராளியின் கை அரை வார்த்தையில் நின்றுவிடும்.

'ஆபரேட்டர் 4417. எந்த எண்?' என்று திரையில் வந்தது. மைலோ எண்ணைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வரிகள் ஓட ஆரம்பித்தன. தலைவர் ஹாலண்ட் பிரிக்ஸ், ஏதோ கல்லூரிப் பேராசிரியர், ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வருகை பதிந்தார். எட்டுப் பேர். போதும். மைலோவுக்கு உயிர் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள் ஒரு சர்ச்சை! நாற்பதாம் பக்கத்தில் 'பரிந்துரைக்கிறோம்' என்று போடுவதா, 'வலியுறுத்துகிறோம்' என்று போடுவதா என்று முழுசாக முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு தரம் திரையில் '(பல குரல்கள். சிரிப்பு.)' என்று வந்தது. என்ன சிரிப்பு என்று வரவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் ஆபரேட்டர்தான் என்ன செய்வார்? எழுபத்து மூன்று வயது வரைக்கும் மைலோ பார்த்த சிரிப்பெல்லாம் இந்த மாதிரிதான். ஆர்டித்தோடு சிரித்தது மட்டும்தான் காரணம் தெரிந்து சிரித்தது.

"சரி, பொதுமக்கள் கருத்து. யாராவது லைன்ல இருக்கீங்களா?" என்றார் தலைவர்.

மைலோ 'இருக்கேன், ஸ்வாடெக் இருக்கேன்' என்று தட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "யாரும் இல்ல போலிருக்கு. எப்பவும் போலத்தான். அப்போ ஓட்டெடுப்புக்குப் போயிடலாமா?"

நல்ல வேளை, ஆபரேட்டர் விடவில்லை, குறுக்கே புகுந்து அதை வாசித்துவிட்டார். தலைவரின் பதில் வந்தது. "யாரது? ரிலேயா? ஓ, ஸாரி. மிஸ்டர் ஸ்வாடெக், வாங்க. மூணு நிமிஷம். கடிகாரத்தை ஓட விட்டாச்சு. உங்கள் முறை."

மைலோ இதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, கேக்குக்கு நேரம் வைக்கிற கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இருபது விநாடி மிச்சம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். தட்டியதை ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்லி முடிப்பதற்கும் நேரம் ஆகுமே! ஒரு குரலையும் வாழ்நாளில் கேட்டிராத மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு விரலால் வேகமாகத் தட்டினார். "என் பேரு மைலோ ஸ்வாடெக். என் மனைவி ஆர்டித். நிமோனியான்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டு பேருக்கும் காது கேக்காது. மொழிபெயர்ப்பாளர் வேணும்னு எழுதிக் காட்டினேன். நாளைக்கு வருவாங்கன்னு எழுதினாங்க. மறுநாளும் நாளைக்குன்னாங்க. அதுக்கு மறுநாளும். தொண்டைக்குள்ள குழாய் வச்சாங்க. எதுக்குன்னு அவளுக்குத் தெரியல. பயந்து போய் அதப் பிடுங்கப் பாத்தா. அதனால"

'(மணி அடிக்கிறது.)'

"மன்னிக்கணும், மிஸ்டர் ஸ்வாடெக். டைம் முடிஞ்சுது. உங்க இழப்புக்கு எங்க அனுதாபம். மிச்சத்த எழுதி அனுப்புங்க, முப்பது நாள் அவகாசம் இருக்கு. உங்கள் முறை."

உங்கள் முறையாம்! நேரம் முடிந்தவனுக்கு என்ன முறை? மைலோ கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பாதித் தாள் அப்படியே கிடந்தது. நாலு கூட்டம் காத்திருந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடிந்துவிட்டது.

அப்போது திரையில் இன்னொரு வரி. "(பெண் குரல்.) தலைவரே, யெசேனியா பேசறேன். உறுப்பினர் கேள்வி கேக்கலாம்ல? அதுக்குப் பதில் சொல்றது மூணு நிமிஷத்துல சேராதே?"

"சேராதுதான். கேளுங்க."

"மிஸ்டர் ஸ்வாடெக், 'அதனால'ன்னு நிறுத்தினீங்களே. அதனால என்ன செஞ்சாங்க? நிதானமாச் சொல்லுங்க, அவசரமே இல்ல. உங்கள் முறை."

மைலோ தாளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

"அவ கையக் கட்டினாங்க. ரெண்டு கையையும். வெள்ளைப் பட்டையால, கட்டில் கம்பியோட. உங்களுக்கு வாய் எப்படியோ எங்களுக்குக் கை அப்படி. மூணு நாள் கட்டியே வச்சிருந்தாங்க. பட்டைக்குள்ள விரல் மட்டும் ஆடிச்சு. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியல. கட்டினபடியே போயிட்டா."

'(ஆபரேட்டர் வாசிக்கிறார்.)' பிறகு, '(யாரும் பேசவில்லை.)'

கேட்டுவிட்டார்கள். எட்டுப் பேர் காதிலும் விழுந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தது என்று மைலோ நாற்காலியில் சாய்ந்தார். டையைக்கூடத் தளர்த்திவிட்டார்.

"மிஸ்டர் ஸ்வாடெக், மறுபடி யெசேனியாதான். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எட்டு வயசுல அவங்களுக்காக ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் படிச்சுச் சொன்னவ நான். அதனாலதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கட்டறதுக்கு முன்னால உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? உங்கள் முறை."

மைலோவின் கை அந்தரத்தில் நின்றது.

'இல்லை' என்று தட்டினார். ஒரே சொல். அனுப்பிவிட்டால் தீர்ந்தது. எல்லாப் பழியும் ஆஸ்பத்திரி மேல் போகும். போக வேண்டியதும்தான். கடிதத்திலும் அப்படித்தானே எழுதியிருந்தார்? மகளும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள்? அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். '(காத்திருக்கிறார்கள்)' என்று ஆபரேட்டர் போட்டார்.

எழுத்து எழுத்தாக அந்தச் சொல்லை அழித்தார்.

"கேட்டாங்க. அஞ்சு பக்கம் பேப்பர் குடுத்தாங்க. பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தை. ஒண்ணும் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துது. நர்ஸ் விரல் வச்சுக் காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டேன். அவ பொழைக்கறதுக்குன்னு நெனச்சேன். கட்டினப்போதான் அது என்ன பேப்பர்னு தெரிஞ்சுது. அவ திரும்பி என்னப் பாத்தா. கட்டச் சொன்னது நான்தான். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அனுப்பிவிட்டார்.

'(ஆபரேட்டர் வாசிக்கிறார்.)'

'(ஆபரேட்டர் நிறுத்தினார். மன்னிக்கவும். தொடர்கிறார்.)'

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. "அது உங்க தப்பு இல்ல மிஸ்டர் ஸ்வாடெக், இந்த அறிக்கையே அதுக்காகத்தான்" என்றாள் யெசேனியா. நோயாளிக்கும் வீட்டாருக்கும் அவர்கள் மொழியில் விளக்காமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று ஒரு பரிந்துரை சேர்க்கச் சொன்னாள். 'பரிந்துரைக்கிறோம்' இல்லை, 'வலியுறுத்துகிறோம்' என்றே போடச் சொன்னாள். இந்த முறை யாரும் சர்ச்சை பண்ணவில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். எட்டுக்கு எட்டு. மைலோவின் வார்த்தைகள் அப்படியே பதிவில் ஏறும் என்றார் தலைவர். எல்லாரும் விடை பெற்றார்கள்.

'அழைப்பு முடிந்தது. இன்னோர் அழைப்பு வேண்டுமா?' என்று ஆபரேட்டர் கேட்டார். மைலோவுக்கு அந்த 4417-ஐ விட மனசு வரவில்லை. ஆணோ பெண்ணோ, தன் வாயால் அந்தப் பாவத்தைச் சொன்ன ஆள். ஆனால் அவர்களோடு பேச்சு வளர்க்கக் கூடாது, அது விதி. 'வேண்டாம். நன்றி' என்று தட்டினார். திரை வெறுமையாயிற்று.

எட்டு அந்நியர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஒன்பதாவதாக ஆபரேட்டரிடமும். பதிவிலும் ஏறிவிட்டது. பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். எங்கே இறங்கியது? சமையலறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலி இருந்தது.

அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் மைலோவின் கையை யாரும் கட்டவில்லை. அவள் கண் திறந்துதான் இருந்தது, இவரையே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். புரியாமல் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு என்று. பதில் பேச முடியாதவளிடம் என்ன சொல்வது என்று பயந்து, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைலோ எழுந்து போய் அந்த நாற்காலிக்கு எதிரே நின்றார். பையிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். பதினான்கு மாதமாக அந்த வீட்டில் பேசாத கைகள், முதலில் தடுமாறின. பேப்பர், கையெழுத்து, நான், தெரியாமல். மறுபடியும் முதலிலிருந்து, அவளுக்குப் புரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னார். கடிகாரம் எதுவும் ஓடவில்லை.

சொல்லி முடித்துக் கைகளை இறக்கினார். பிறகு ஐம்பத்தொரு வருஷப் பழக்கம் விடாமல், அவள் கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காக நின்றார்.