வெள்ளைத் திரை

...இல்லாவிட்டால் படி விளிம்புக்கெல்லாம் அவன் எதற்காக வெள்ளையடிக்க வேண்டும், யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல்? வாஃபிள் சுடும் இரும்பு அச்சை அடுப்பில் திருப்பிப் போட்டுக்கொண்டே தோர்டிஸ் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறெதற்கு, இன்றைக்குக் கலங்கரை விளக்கத் துறை ஆய்வாளர் வந்து இறங்கும்போது பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா... இந்த அஸ்லாக் உதவி விளக்குக் காவலனாகத் தீவுக்கு வந்து இரண்டு வருஷம், அன்றிலிருந்தே அக்கா, அக்கா என்று ஒரே குழைவு. அவள் கணவர் ஹால்வர்ட் வாசலைத் தாண்டுவதற்குள் ஓடிப்போய்ப் பாதையில் கிடக்கும் பால் வாளியை நகர்த்துவான், காற்றழுத்தம் காட்டும் பாரமானி முள் எங்கே நிற்கிறது என்று உரக்கப் படித்துச் சொல்வான், என்னவோ ஹால்வர்டுக்குப் படிக்கத் தெரியாதது போல. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தலைமைக் காவலர் வேலையோடு இந்த வீடு வரும், பசு வரும், உருளைக்கிழங்குப் பாத்தி வரும், அதன்மேல்தான் அவனுக்குக் கண். அவருடைய வேலை போனால் இந்த வயதில் இருவரும் எங்கே போய் நிற்பது, அக்கரையில் யார் வீட்டுக் கொல்லையில்?

இந்தக் கலங்கரை விளக்கத்தில் முதல் பாடமே திரைதான். ஹால்வர்டின் தாத்தா இங்கே முதல் காவலராக வந்த கோடையில், அந்தப் பெரிய வில்லைக் கண்ணாடிக்குள் பகல் வெயில் புகுந்து குவிந்து, விளக்கறைப் பலகையைப் பற்ற வைத்துவிட்டது. ஊருக்கு வழிகாட்ட வந்த விளக்கு தன் கூரையையே கொளுத்திக்கொண்டது என்று அக்கரையில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து, காலையில் விளக்கை அணைத்ததும் சுற்றிலும் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் காவலர் கஞ்சியில் கை வைக்கலாம். திரை தைப்பது காவலர் மனைவியின் வேலை. மாமியார் காலத்திலிருந்தே பழுப்புச் சாக்குத் துணி, பார்க்கச் சகிக்காது, போன இலையுதிர்காலத்தில் தோர்டிஸ்தான் நல்ல வெள்ளை லினன் வாங்கித் தைத்தாள். கோபுரம் மணப்பெண் மாதிரி இருக்கிறது என்று மீனவர்கள் சொன்னபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தத் திரைதான் போன ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கம் திறந்து கிடந்தது... காலையில் பனிமூட்டம், மதியம் சுளீரென்று வெயில், பலகை கருகி, வில்லையில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. "என் கையாலதான் இழுத்து மூடினேன் தோர்டிஸ், எல்லாம் மூடித்தான் இருந்துச்சு" என்றார் ஹால்வர்ட், பொய் சொல்கிற மனுஷன் இல்லை அவர். அப்படியென்றால் திறந்தது யார்? ஹால்வர்ட் இறங்கியதும் தினமும் ஒருவன் மேலே ஏறுகிறானே, எதற்காம்? அன்றைக்கு வலை இழுக்கப் போனவன் மதியம்தான் திரும்பினான், வந்ததும் வராததுமாக மேலே ஓடினான், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அண்ணாந்து பார்த்தால் திரையில் அவன் கை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கேட்டால் வாயே திறக்கவில்லை, குற்றமுள்ள நெஞ்சு அல்லவா. நான் என் கண்ணால் பார்த்தேன் ஐயா, அவன்தான் திறந்தான்... வாரம் முழுக்க அந்த வாக்கியத்தை அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

படகு ஊதியது. கையைத் துடைத்துக்கொண்டு துறைக்கு இறங்கினாள். ஹால்வர்ட் சீருடையில், கைகளை நீட்டிக்கொண்டு பாறை ஓரத்தில் நின்றார், படகுக்காரன் கயிற்றை வீசினான், நல்ல வீச்சு, நேரே அவர் நெஞ்சுக்கு வந்தது... அவர் பிடிக்கவில்லை. கயிறு மார்பில் பட்டு விழுந்த பிறகுதான் அவர் விரல்கள் மூடின, காற்றைப் பிடித்துக்கொண்டு. கடலுக்குள் சரியப்போன கயிற்றை அஸ்லாக் காலால் மிதித்து நிறுத்தி, எடுத்து, அவர் கைக்குள் வைத்தான். ஆய்வாளர் தன் காலணி நனையாமல் இறங்குவதிலேயே குறியாக இருந்தார், அவர் பார்க்கவில்லை. தோர்டிஸ் பார்த்தாள். ஹால்வர்ட் திரும்பிப் படியேறினார், அவருடைய காலணி நுனி அந்த வெள்ளை விளிம்பைத் தேடித் தேடி வைத்தது... வெள்ளை விளிம்பு. பால் வாளி. பாரமானி. ஐயோ, எத்தனை நாளாக? அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே? அவனிடம் சொன்னவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை, அல்லது யாரிடமும் சொல்லவே இல்லையா, அவனாகவே கண்டுகொண்டானா? இரண்டு வருஷமாக அஸ்லாக் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லையே அவள், பக்கத்தில் படுக்கிற மனுஷனின் கண்ணை என்றைக்குப் பார்த்தாள்?

மேலே முற்றத்தில் ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். "நீங்க என்னவோ பாத்ததா சொன்னாங்க. சொல்லுங்கம்மா, திரையைத் திறந்தது யாரு?"

ஹால்வர்ட் அவள் குரல் வரும் என்று எதிர்பார்த்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி இருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அஸ்லாக் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "நீங்க பாத்ததையே சொல்லுங்கக்கா. நான் ஒண்டிக்கட்டை, எங்கயாவது பொழச்சுக்குவேன்."

பார்த்தது... ஒரு கை, ஒரு துணி. அவ்வளவுதான். அந்தக் கை திறந்ததா, மூடியதா? அவள் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள். இன்றைக்கும் பனிமூட்டம், வானம் வெளுத்துக் கிடந்தது, அவள் தைத்த லினனும் அதே வெளுப்பு. நல்ல கண்தான் அவளுக்கு, ஊசிக்கு நூல் கோக்கிற கண். எத்தனை நேரம் பார்த்தும், தெற்குத் திரை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய பழுப்புத் துணியாக இருந்தால் அன்றைக்கு அவருக்கும் தெரிந்திருக்கும்.