எட்டின் இடப்பக்கம்

இந்த நாட்குறிப்பில் வழக்கமாக நான் எழுதுவது மாலை வகுப்பில் அன்றன்று கற்றதை மட்டும்தான். கிளட்சை எப்படி விட்டேன், கியரை எங்கே மாற்றினேன், எதில் தவறினேன் என்று. இன்று சற்று நீளும். நடந்ததை வரிசை குலையாமல் எழுத என்னால் முடியுமா என்பது சந்தேகம்தான். முயல்கிறேன்.

எனக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கிடங்கில் தரம் பார்த்து மூட்டை பிரிக்கும் வேலை. பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்ததும் திருச்சுழி சாலையோரம் இருக்கும் கண்மாய்க்குப் போவேன். மாசி பிறந்துவிட்டால் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. தரை அம்மிக்கல் போல இறுகிக் கிடக்கும். அங்கேதான் ஹனீபா பாய் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருகிறார். யுத்தத்தின்போது பர்மா எல்லையில் தபால் கொண்டுபோன சவாரிக்காரர். எனக்கு ஐந்தாறு வயதுதான் மூத்தவர். பட்டாளம் கழித்துப்போட்ட பி.எஸ்.ஏ. வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, தானே பிரித்துப் பூட்டி ஓட வைத்தார். நான், உக்கிரபாண்டி, இருளப்பசாமி மூவரும் அவருடைய முதல் மாணாக்கர்கள்.

வகுப்பு நன்றாகத்தான் நடந்துவந்தது. அப்போது புது விதி ஒன்று வந்தது. காசு வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டக் கற்றுத் தருகிற எவரும் அதற்கென்று தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பரீட்சை வைப்பார். தேறாவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான்.

"மூடச் சொன்னா நான் என்னலே செய்யிறது? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார் ஹனீபா பாய். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால் விதி சொன்னபடி எங்களைப் பழக்குவதில் அவர் கண்டிப்பானார். சாலையில் இடது ஓரமாகப் போக வேண்டும் என்பது முதல் விதி. கண்மாய்க்குள் சாலை ஏது? கரையைச் சாலையின் ஓரமாக வைத்துக்கொண்டார். "கரை எப்பவும் உன் இடது கைப்பக்கம் இருக்கணும். விலகுனா இறக்கி விட்டுருவேன்" என்பார். நாங்களும் ஒரு நாள்கூட விலகியதில்லை.

கண்மாய்க்குள் ஆடு மேய்க்கும் குருவம்மாளுக்கு இது நல்ல வேடிக்கை. "ஏப்பா, செக்குமாடு கணக்கா தினம் சுத்துறீகளே, ஒரு படி எண்ணெயாச்சும் வந்துச்சா?" என்பாள்.

"வந்தா மொதல்ல உன் தலையிலதான் ஊத்துவோம் ஆத்தா" என்பான் உக்கிரபாண்டி.

நேற்று முன்தினம் காலையில் இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன் மதுரையிலிருந்து ஜீப்பில் வந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கையில் பிரம்பு. முதலில் ஹனீபா பாயை ஓட்டச் சொன்னார். பாய் கரைமேல் ஏறி இறங்கி, ஒற்றைக் கையால் வளைத்து, இன்ஸ்பெக்டரின் காலடியில் தூசி கிளம்பாமல் கொண்டுவந்து நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் அசைத்தார். "உமக்கு ஓட்டத் தெரியும்கிறது பட்டாளத்துக் காகிதத்துலயே இருக்கு. சொல்லிக்குடுக்கத் தெரியுமான்னு பார்க்கத்தான் நான் வந்தேன். பையன்களைக் கூப்பிடும்."

பிரம்பால் தரையில் பெரிதாக எட்டு ஒன்று போட்டார். கோட்டை ஒட்டியே போய்வர வேண்டும், கால் தரையில் படக்கூடாது என்றார். எட்டு போட்டு நாங்கள் பழகியதில்லை. பட்டாளத்தில் பாய்க்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் வளைவுதானே என்று நினைத்தேன்.

முதலில் நான். வலப்பக்க வளையத்தைச் சுலபமாகச் சுற்றிவிட்டேன். நடுவில் வந்து இடப்பக்கம் திரும்பியதும் இன்ஜின் சோர்ந்து வண்டி சாய, என் கால் தானாகத் தரையில் ஊன்றியது. அடுத்துப் போன உக்கிரபாண்டி அதே இடத்தில் ஊன்றினான். இருளப்பசாமி வண்டியோடு விழுந்தே விட்டான்.

"சரி. இன்னைக்கும் நாளைக்கும் திருச்சுழி, பரளச்சிப் பக்கம் பஸ்ஸெல்லாம் பார்க்க வேண்டியிருக்கு. நாளன்னைக்குக் காலையில இந்த வழியாத்தான் மதுரைக்குத் திரும்புவேன். ஒருத்தன் சரியாப் போட்டாலும் போதும். இல்லேன்னா வகுப்பை நிறுத்திக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் மறைந்ததும் பாய் என் பக்கம் திரும்பினார். "தாவீது, உன்னைய நம்பித்தானலே மொதல்ல விட்டேன். நீ காலை ஊனுனதைப் பார்த்துத்தான் அவனுகளும் மிரண்டானுக."

அவர் சொன்னதை நான் நம்பினேன். எதிலும் முதலில் என்னைச் சந்தேகிப்பது என் வழக்கம். கிடங்கில் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோதும் அந்த வளைவையே திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் பயந்துதான் ஊன்றினேன் என்றால், யாருக்கும் பயப்படாத உக்கிரபாண்டி ஏன் ஊன்றினான்? அதுவும் அதே இடத்தில்? வலப்பக்க வளையத்தில் ஏன் ஒருவரும் தடுமாறவில்லை?

குருவம்மாளின் செக்குமாடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரை இடது கைப்பக்கமே இருக்க வேண்டுமென்றால், கண்மாய்க்குள் சுற்றுகிறவன் வலப்பக்கம் மட்டும்தான் திரும்ப முடியும். இத்தனை நாளில் நாங்கள் ஒரு தடவைகூட இடப்பக்கம் வளைந்ததில்லை.

இதை பாயிடம் எப்படிச் சொல்வது? பர்மா மலையில் வண்டி ஓட்டியவரிடம், பஞ்சு பிரிக்கிற நான். கண்மாய்க்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாம் மறந்துபோய், "பாய், நாம எதிர்ப்பக்கமாச் சுத்திப் பார்க்கணும்" என்று மட்டும் வந்தது.

"எதிர்ப்பக்கமா? விதி என்னலே சொல்லுது?"

"ரோட்டுக்கு அந்த விதி சரி பாய். ரோடு ரெண்டு பக்கமும் வளையும். கண்மாய் ஒரு பக்கந்தான வளையுது."

உக்கிரபாண்டி சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. கரையை ஒரு முறை பார்த்தார், எங்கள் சக்கரங்கள் தேய்த்துவைத்த தடத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்துக் கரை வலப்பக்கம் இருக்கும்படி மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"பர்மா ரோட்டுல எல்லாப் பக்கமும் வளைவு. எனக்கு அது தானா வந்துருச்சு. உங்களுக்கு நான் பாதி வண்டியத்தான்லே கத்துக்குடுத்திருக்கேன்." பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். "இந்தா பாரு. இடப்பக்கம் திருப்பும்போது வலது கைப்பிடி உன்னைய விட்டு எட்டப் போகுது. கை நீளும்போது அதுல இருக்கிற பெட்ரோல் திருகு தளர்ந்துருது, இன்ஜின் சோர்ந்துருது. முழங்கையக் கூடவே அனுப்பணும். உடம்பையும் கொஞ்சம் முன்னால குடுக்கணும். திருகு அசையக்கூடாது."

அன்று இருட்டும்வரை எதிர்ப்பக்கமாகச் சுற்றினோம். மறுநாள் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து பகலெல்லாம் சுற்றினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முழங்காலுக்குத் தெரியும்.

இன்று காலை சொன்னபடியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பிரம்பால் எட்டைப் போட்டுவிட்டு என்னைக் கைகாட்டினார். நான் போனேன். வலப்பக்க வளையம் முடிந்தது. நடுவில் முழங்கையை அனுப்பினேன், உடம்பைக் கொடுத்தேன். இன்ஜின் சோரவில்லை. கால் அதன் இடத்திலேயே இருந்தது. கோடு தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். உக்கிரபாண்டி அடித்த விசிலில் குருவம்மாளின் ஆடுகள் சிதறி ஓடின.

இன்ஸ்பெக்டர் ஹனீபா பாயைக் கேட்டார். "ரெண்டு நாளைக்கு முன்னால மூணு பேரும் தவறினாங்க. இப்ப இவன் போடுறான். நடுவுல என்ன செஞ்சீர்?"

நன்றாகப் பழக்கினேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பாய் அப்படிச் சொல்லவில்லை. "தப்பு எம்மேலதாங்கய்யா. ஒரு பக்கமாவே சுத்தவிட்டிருக்கேன். இந்தத் தாவீதுராஜ்தான் கண்டுபிடிச்சுச் சொன்னான்."

இன்ஸ்பெக்டர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப, முந்தாநாள் வரைக்கும் தப்பாக் கத்துக்குடுத்தவருக்கு நான் லைசென்ஸ் தரணுமாக்கும்?"

"முந்தாநாள் வரைக்கும் தெரியலைங்கய்யா. இப்பத் தெரியும்ல."

பிறகு இன்ஸ்பெக்டர் பிரம்பை ஜீப்பில் வைத்துவிட்டு வந்து, பி.எஸ்.ஏ. மேல் ஏறி உட்கார்ந்தார். "காரும் பஸ்ஸும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. இதுல பழகினது கொஞ்சந்தான். இடப்பக்கம் திரும்ப எனக்கும் ஆகாது. எங்கே, எனக்குச் சொல்லிக்குடும் பார்ப்போம்."

ஹனீபா பாய் பக்கத்தில் வந்து நின்றார். எங்களிடம் சொன்ன அதே சொற்களைச் சொன்னார், அய்யா போட்டு. முழங்கையைத் தொட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் வண்டியை எடுத்தார். பாய் பக்கத்திலேயே ஓடினார். நடுவில் வந்து இடப்பக்கம் திரும்பும்போது வண்டி லேசாக ஆடியது, காக்கிக் காற்சட்டை போட்ட ஒரு கால் வெளியே நீண்டது.

"ஏலே, காலை ஊனாத! திருகைப் பிடிலே!"

கண்மாய் முழுவதும் கேட்டது. இருளப்பசாமி வாயைப் பொத்திக்கொண்டான். நீண்ட கால் உள்ளே போயிற்று. வண்டி நிமிர்ந்து வளையத்தை முழுசாகச் சுற்றி வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கிக் காற்சட்டையைத் தட்டிவிட்டார். பாய் தலை குனிந்து நின்றார்.

"லைசென்ஸ் மதுரையிலேர்ந்து தபால்ல வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். ஜீப்பில் ஏறியபின் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அந்த 'ஏலே'யை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கும்."

அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஆரவாரத்தை வரிசைப்படுத்தி எழுத முடியாது. அடங்கியதும் பாய் வண்டியை என் பக்கம் தள்ளினார். "நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து வாரேன்." வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை.

கரையேறும்போது குருவம்மாள் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள். "என்னப்பா, மாடு செக்கை விட்டு வெளிய வந்துருச்சா?"

"வந்துருச்சு ஆத்தா" என்றார் ஹனீபா பாய் எனக்குப் பின்னாலிருந்து.

ஊருக்குள் நுழைகிற முக்கில் பருத்தி ஏற்றிய வண்டிகள் நின்றன. கடைவீதிக்குப் போக அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டிக்காரர்களும் டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பாய் என் தோளைத் தொடவில்லை. நான் முழங்கையை அனுப்பினேன்.