ரிஜெக்ட் சொன்ன கை

எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது நாலே நாலு வார்த்தை. பர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட். நாலாவது வார்த்தையை ஆம்பூருக்குக் கொண்டுவந்தவன் எவனோ, அவன் நாக்கு அழுகிப்போக. செத்திருந்தாலும் சரி, அழுகட்டும்.

அது தோலுக்கு வந்த வார்த்தை. தோல் பதனிடுகிற டேனரியில் சார்ட்டிங் ஷெட்டு என்று ஒன்று உண்டு. பதம் முடிந்த தோலை அங்கே மேஜைமேல் விரிப்பார்கள். தரம் பிரிக்கிற சார்ட்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஒரே ஒரு வார்த்தை சொல்வார். உண்ணிக்கடி, கத்திப்பட்ட ஓட்டை, சூடு போட்ட தழும்பு எதுவும் இல்லையென்றால் பர்ஸ்ட். கொஞ்சம் இருந்தால் செகண்ட். ஜாஸ்தி இருந்தால் தேர்டு. எதற்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். அந்தத் தோல் மூலைக்குப் போகும்.

தோலோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய் ரிஜெக்ட். ஏரில் படுத்துக்கொள்கிற மாடு ரிஜெக்ட். திரிந்த பால், தேய்ந்த காலணா, மாறுகண் மாப்பிள்ளை எல்லாம் ரிஜெக்ட். கையெழுத்துப் போடத் தெரியாதவனெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வெள்ளைக்காரன் மாதிரி சொல்வான். நானும் யோக்கியம் இல்லை. என் நாத்தனார் வைத்த குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு ரிஜெக்ட் என்றேன். மூன்று மாசம் அவள் என்னோடு பேசவில்லை. அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் லண்டனில் தோல் விலை விழுந்தது. எங்கள் டேனரியில் தோல் ஊறவைக்கிற குழிகளில் பாதியை மூடிவிட்டார்கள். பட்டணத்திலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தான். அவனுக்கு ஒருத்தன் முகமும் தெரியாது, ஒருத்தன் வேலையும் தெரியாது. அறுபது ஆளில் முப்பது பேரை அனுப்ப வேண்டும், யாரை அனுப்புவது? யோசித்தான் மகராசன். தோலைத் தரம் பிரிக்க ஆள் இருக்கும்போது மனுஷனைப் பிரிக்க வேறு ஆள் எதற்கு என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை கிளார்க்கு வந்து எல்லோரையும் கூட்டிச் சொன்னான்.

"திங்கக்கிழமை காலைல குழி ஆளுங்க எல்லாரும் சார்ட்டிங் ஷெட்டாண்ட வந்து நிக்கணும். சார்ட்டர் வாஹித் பாய் கை பாத்து கிரேடு சொல்லுவாரு. ரிஜெக்ட் ஆனவன் அப்படியே வீட்டுக்குப் போவணும். பட்டை அடிக்கிற பொம்பளைங்களுக்கு இது இல்ல."

பட்டை அடிக்கிற பொம்பளைகளில் நானும் ஒருத்தி. ஆவாரம்பட்டையைக் கட்டையால் அடித்துத் தூளாக்கிக் குழிக்குக் கொடுப்பது எங்கள் வேலை. என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக் குழி. பதினெட்டு வருஷமாக இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலை அலசி எடுக்கிறவர்.

"கையை எதுக்கு பாக்கணும்?" என்று வீட்டில் அவரிடம் கேட்டேன்.

"கை புண்ணாப் போனா ஆளு வேலைக்கு வராம நின்னுடறானாம். நல்ல கையா பாத்து வெச்சிக்கினா பேஜார் இல்லயாம்."

அந்தக் கை எதனால் புண்ணாகிறது? சும்மா உட்கார்ந்து புண்ணானதா? அவன் குழியில், அவன் சுண்ணாம்பில், அவன் தோலை அலசித்தானே புண்ணானது. ஒழுங்காக உழைத்தவன் கைதான் கெட்டிருக்கும். உழைக்காமல் ஏய்த்தவன் கை பர்ஸ்ட் கிளாசாக இருக்கும். இது ஒரு நியாயமா?

அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. இரண்டு நகம் இல்லை. உள்ளங்கையில் மிளகு மிளகாகச் சுண்ணாம்பு தின்ற பள்ளம். அதை எடுத்துக்கொண்டு வாஹித் பாய் முன்னால் நீட்டினால் என்ன சொல்வார் என்று எனக்கே தெரிந்தது. ஆம்பூரில் ஒரு டேனரியில் வேண்டாம் என்றால் பொழுது சாய்வதற்குள் எல்லா டேனரி கேட்டுக்கும் சேதி போய்விடும். வயல் வேலைக்கும் அந்தக் கையைக் கூப்பிட மாட்டார்கள். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான் பட்டை அடித்து நாலு வயிற்றை எப்படி நிரப்புவேன்?

திங்கட்கிழமை காலையில் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து வந்தேன். கையை நீட்டச் சொன்னேன்.

"வேணாம்மே" என்றார்.

"வாயை மூடிக்கினு நீட்டு. வெடிப்பு தெரியாம இருக்கும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதட்டிய அதட்டலில் மூடிக்கொண்டார். நல்லவர்தான், ஆனால் என்னோடு வாயாட அவரால் ஆகாது. ஒவ்வொரு வெடிப்பிலும் எண்ணெயை விட்டு, விரல் விரலாக நீவி விட்டேன். கை பளபளவென்று ஆனது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சார்ட்டிங் ஷெட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வாஹித் பாய் குரல் கேட்டது. ஆளைப் பார்த்துப் பேர் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. செகண்ட். தேர்டு. ரிஜெக்ட். தேர்டு. ரிஜெக்ட். மேஜைமேல் தோலைப் புரட்டுகிற அதே குரல். ஒவ்வொரு ரிஜெக்ட்டுக்கும் எங்கள் பக்கம் ஒருத்தி கட்டையை நிறுத்துவாள். யார் புருஷன் என்று யாருக்கும் தெரியாது.

கேட்டு வழியாக முப்பது பேர் வெளியே போனார்கள். அதில் என் வீட்டுக்காரரும் இருந்தார். என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

மத்தியானம் மணி அடித்ததும் நான் சாப்பிடப் போகவில்லை. நேராக வாஹித் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தார். அவர் சம்சாரம் ஹலீமா பீ என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தார். நான் வாங்கவில்லை.

"இன்னா பாய், கண்ணு அவிஞ்சி போச்சா உனக்கு? பதினெட்டு வருஷம் அலசுன கையி. நீ தடவிப் பாக்கற ஒவ்வொரு தோலும் அந்தக் கையில இருந்து வந்ததுதான். அதைப் போயி எப்படி வாய் வந்துச்சி உனக்கு?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"முனிரத்தினம் கையா?" என்று கேட்டார். "கண்ணம்மா, நான் மூஞ்சியப் பாக்கல. பாத்தா என்னால சொல்ல முடியாதுன்னு தலையக் குனிஞ்சிக்கினே இருந்தேன். கையத் தொட்டேன், எண்ணெய் வழுக்குச்சி. முப்பது வருஷமா எண்ணெய் ஜாஸ்தியா வர்ற தோலை நான் திருப்பிக்கூட பாக்கறது இல்ல. உள்ள இருக்கற கெடுதலை மறைக்கத்தான் எண்ணெயைக் கொட்டுவாங்க. வாய் தானா சொல்லிடுச்சி. கிளார்க்கு பேரு எழுதும்போதுதான் அவன்னு தெரிஞ்சிச்சி."



"எண்ணெய் இல்லன்னா?" என்று கேட்டேன்.

"அவனவிட மோசமான கை எத்தனையோ வந்துச்சி. தேர்டு போட்டேன். தேர்டு போட்டவங்கள வெச்சிக்கினாங்க."

தேர்டு. என் எண்ணெய் இல்லையென்றால் தேர்டு. ஆனால் என்மேல் வந்த கோபத்தையும் அவர்மேல்தான் காட்டினேன்.

"அப்ப சொன்னத மாத்து."

"சொன்ன கிரேடை சார்ட்டர் மாத்தறது இல்லம்மா. மாத்தினா அப்புறம் எந்தச் சொல்லுக்கும் மதிப்பு இல்ல."

"அது தோலுக்கு. தோலு வீட்டுக்குப் போயி உக்காந்து சோறு கேக்காது. அது பொண்ணுங்க மூஞ்சியப் பாத்து முழிக்காது. முப்பது வருஷம் தோலையே பாத்து மனுஷன் மறந்து போச்சா உனக்கு?"

ஹலீமா பீ உருதுவில் அவரிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் தாலாட்டு இல்லை என்று மட்டும் தெரிந்தது. வாஹித் பாய் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாலு மணிக்கு மேனேஜர் லிஸ்டுல கையெழுத்து போடுவான். அதுக்குள்ள சீயக்காய் போட்டு கழுவிட்டுக் கூட்டிக்கினு வா. நான் மறுபடி பாக்கறேன். என் மரியாதை போனா போவட்டும்."

நான் ஓடினேன். வீட்டில் அவர் இல்லை. பாலாற்றுப் பக்கம் போனதாகப் பெரியவள் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் ஏது, மணலில் தோண்டிய ஊற்றுதான். அதன் ஓரத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு செங்கல் துண்டு. மணலைப் போட்டு, செங்கல்லால் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாயா பண்றே?"

"எண்ணெய் போவல மே. காலைல வேட்டியில தொடச்சிப் பாத்தேன், வெடிப்புல எறங்கிடுச்சி. இத எடுத்துட்டு மறுக்கா போயி பாய்கிட்ட காட்டலாம்னு."

கையைப் பிடித்துத் திருப்பினேன். எண்ணெய் போயிருந்தது. தோலும் போயிருந்தது. இரண்டு உள்ளங்கையும் உரித்துவிட்டதுபோல் சிவந்து, வெடிப்புகளிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் போட்டா ரிஜெக்ட்டுனு உனக்கு காலைலயே தெரியுமா?"

"தெரியும். அதான் வேணாம்னேன்."

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ கத்துன."

அவ்வளவுதான் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தது, நனைந்தேன் என்பதுபோல் சொன்னார். பாய் நாலு மணிக்குள் வரச் சொன்னதைச் சொன்னேன். கையைப் பார்த்துவிட்டு, "நாலு மணிக்குள்ள ஆறிடுமா?" என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய? மேனேஜர் சார்ட்டிங் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வாஹித் பாய் அவனிடம் ஏற்கெனவே பேசியிருந்தார் போலிருக்கிறது. அவன் தலையை ஆட்டினான். என் வீட்டுக்காரர் மேஜைமேல் கையை மல்லாத்தி வைத்தார்.

வாஹித் பாய் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன கிரேடு?" என்றான் மேனேஜர்.

வாஹித் பாய் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் இன்னொரு தடவை கேட்டான். அப்போதும் திறக்கவில்லை. முப்பது வருஷத்தில் அந்த மேஜையில் அவர் பதில் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். மேனேஜர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். வாழ்க்கையில் ஒரு தோலைத் தொட்டுத் தடவாதவன், அவன் சொன்னான் ரிஜெக்ட் என்று. சொல்லிவிட்டு லிஸ்டில் கையெழுத்துப் போட்டான்.

என் வாயில் வந்ததெல்லாம் வந்தது. இங்கே சொல்ல முடியாது. கிளார்க்கு வந்து என்னைத் தள்ளப் பார்த்தான், அவனுக்கும் கிடைத்தது. நாளைக்கு எனக்குப் பட்டை அடிக்கிற வேலையும் இருக்காது என்று தெரிந்தேதான் பேசினேன்.

நான் அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். பதினெட்டு வருஷமாக ஷெட்டை விட்டுப் போகும்போது செய்கிறதைச் செய்தார். அந்த இரண்டு கையையும் ஒன்று சேர்த்து, மேனேஜரைப் பார்த்து, "வர்றேங்க" என்று கும்பிட்டார்.

பாய்ந்து போய் அந்தக் கும்பிட்ட கையைப் பிடித்துப் பிரித்து, வெடுக்கென்று கீழே இழுத்தேன்.

"வலிக்குது மே" என்றார்.