பயில்வான் பெற்ற பிள்ளைகள்

ஆண் முயல் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லித்தான் விற்றார். அதை நம்பி 'பயில்வான்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பயில்வான் ஐந்து குட்டி போட்டுவிட்டார். அந்தக் கடைக்காரரை என்ன சொல்லித் திட்டுவது!

தலைப்பிரசவம், அதற்கு ஒரு இழவும் தெரியவில்லை. கூண்டின் கம்பித் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் பார்த்தவள் மருமகள்தான். முடியில்லாமல், கண் திறக்காமல், சில்லிட்டுக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினாள். கூண்டுக்குள்ளேயே ஒரு மரப்பெட்டி வைத்து, வைக்கோலும் தாய் பிய்த்துப் போட்டிருந்த ரோமமும் பரப்பி, எல்லாவற்றையும் அதில் சேர்த்தாள். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். இரும்பு உத்தரத்தையே அலுங்காமல் இறக்கி வைக்கிற கை. கைக்குழந்தைக்காக எடுத்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வீட்டில் ரகளையே அதற்காகத்தான்.

பயில்வானோ பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை மென்றது. மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்ததுங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல பாரு! நீயும் புள்ளையை விட்டுட்டு இப்படித்தானே போகப் போற?"

"அத்தை, அது முயல்."

"முயலும் அம்மாதான்! இந்தக் குட்டிங்க பொழைச்சா நீ தாராளமா வேலைக்குப் போ. ஒண்ணு செத்தாலும் கிரேன் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி," என்று மருமகளும் ரோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு விலங்கு டாக்டருக்குப் போன் போட்டாள். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிஷம்தான், யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்றார் அவர்.

"அவர் ஆம்பளை. அவர் எத்தனை பெத்தார்?" என்றாள் மாமியார்.

குட்டிகள் சாகட்டும் என்று நினைக்கிற கல்நெஞ்சுக்காரி அல்ல அவள். அதுதான் வம்பே. ஸ்டூலைப் போட்டுக் கூண்டருகில் உட்கார்ந்தாள். பயில்வானைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, "உக்காருடி, உன் புள்ளைங்கடி," என்று புத்தி சொன்னாள். தாலாட்டுப் பாடினாள். பயில்வான் அவள் புடவையில் ஒன்றுக்குப் போய்விட்டுத் துள்ளி ஓடியது. அவள் குளிக்கப் போனால் மகன் காவல். மகன் சாப்பிடப் போனால் அவள் காவல். ராத்திரி விளக்கைக்கூட அணைக்க விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் மருமகள் ஒரு குட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே மாமியார் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"பாருங்க அத்தை. நாம உக்காந்திருக்கிற வரைக்கும் அது வராது. பட்டினியிலயே போயிடும். கிளம்புங்க, எல்லாரும் வெளிய."

மாமியார் குட்டியை மெல்லப் பெட்டியில் விட்டாள். அடுத்த நிமிஷம் குளியலறைக் கதவைத் தட்டி மகனையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவன் இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை.

எதிர்வீட்டு டிரைவர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன ஆச்சு? தீயா?"

"பயில்வான் பால் குடுக்கணும், அதான் வெளிய நிக்கிறோம்," என்றான் மகன்.

டிரைவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார். தெருவில் போனவர்கள் இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மருமகள் இடுப்பில் கைக்குழந்தை தூங்கிவிட்டது.

பொறுக்க முடியாமல் மாமியாரும் மருமகளும் பூனை நடை நடந்து உள்ளே போனார்கள். பயில்வான் பழைய மூலையில் பழைய கீரையை மென்றுகொண்டிருந்தது. பெட்டியில் ஐந்து வயிறும் கும்மென்று உப்பி, தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்தும் நிம்மதியாகத் தூங்கின.

"அதுக்குள்ளயா குடுத்துட்டா?" மாமியார் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா!" வாசலிலிருந்து மகன் கத்தினான். "கண்ணு எரியுது! துண்டு எங்க இருக்கு?"

"இடுப்புல பாருடா."

அவள் மெல்ல மருமகள் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தி நாலு வருஷமா இவனை விட்டு ஒரு நாள்கூட நான் நகரலடி," என்றாள். பிறகு கையை நீட்டிக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள். "திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும் நீ?"