ஆலைக்குப் போன வேட்டைநாய்

கூமாப்பட்டி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கிழித்துப்போட்ட நாயொன்றை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சஞ்சீவி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். 1938-ஆம் வருஷம், ஆவணி மாதம். ஆஸ்பத்திரியில் இருந்தது கம்பவுண்டர் ஏசுவடியான் மட்டும்தான்.

வெள்ளை வெளேரென்ற ராஜபாளையத்து ஜாதிப் பெட்டை. மூக்கு இளஞ்சிவப்பு. பின்தொடை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து கிடந்தது. ஏசுவடியான் புண்ணைக் கழுவிப் பட்டுநூலால் பதினொரு தையல் போட்டார். வலி பொறுக்காமல் அது அவர் முழங்கையைக் கவ்வியது. ஆனால் பல்லைப் பதிக்கவில்லை.

"பன்னி திரும்புனதப் பாத்து மூணு தடவ விசிலடிச்சேன், கம்பவுண்டரே. திரும்பிக்கூடப் பாக்கல. மத்த நாய்க அம்புட்டும் வந்துட்டு. சொல்லு கேக்காத நாய காட்டுக்குக் கூட்டிட்டுப் போனா மனுசன் உயிருக்கும் ஆபத்து" என்றார் ராஜா. நாயின் நெற்றியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டு, "பொழச்சா நல்ல எடத்துல குடுத்துருங்க" என்று எழுந்து போனார்.

நாய் பிழைத்தது. ஆனால் ராஜா சொன்ன விசில் சங்கதி ஏசுவடியான் மனதில் முள்ளாகக் கிடந்தது. ஒரு பகலில் தெருநாய்கள் ஆஸ்பத்திரி வாசலில் கட்டிப்புரண்டு சண்டை போட்டன. கொட்டடியில் கட்டியிருந்த எருமைகூட மிரண்டு கயிற்றை இழுத்தது. இது மட்டும் காதுமடல் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் தம் சைக்கிளை உருட்டிவந்து அதன் முதுகுப்பக்கம் நிறுத்தி மணியை அடித்தார். அசைவில்லை. கைதட்டினார். அசைவில்லை. பிறகு குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். சட்டென்று தலை திரும்பியது.

அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி அன்னாள், புருஷன் தரையை மிதிப்பதும் குனிந்து பார்ப்பதுமாக இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணுதிய?"

"ஏட்டி, இதுக்கு முழுச் செவிடு. பொறந்ததுலேருந்தே இருக்கும் போல. சொல்லு கேக்காமயில்ல, சொல்லே கேக்கல."

அன்னாள் நாயைப் பார்த்தாள். "அப்ப இம்புட்டு நாளும் எப்படி வேட்டைக்குப் போச்சு?"

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். மற்ற நாய்களின் ஓட்டத்தைப் பார்த்து ஓடியிருக்கும், அவை திரும்பினால் திரும்பியிருக்கும். பன்றி எதிரே நின்ற அன்றைக்கு இது முன்னால் ஓடியிருக்கும், பக்கத்தில் பார்ப்பதற்கு நாயில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு தினமும் சாயங்காலம் கண்மாய்க்குக் கூட்டிப்போய் அதன் வயிறளவு தண்ணீரில் நடக்கவிட்டார். தரையில் நொண்டிய கால் தண்ணீருக்குள் ஊன்றப் பழகியது. அங்கேயே கைச்சாடையும் தொடங்கியது. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார வேண்டும், மார்பில் தட்டினால் வர வேண்டும். கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்தே நாளில் பழக்கிவிட்டார்.

தாமே வைத்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை. ஆனால் வீட்டு வாசல் மதுரை ரோட்டில் இருந்தது. கூட்டிப்போன மூன்றாம் நாளே பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தும் விலகாமல் நின்றது. டிரைவர் பிரேக் போட்டதால் தப்பித்தது. சுந்தரபாண்டியம் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் சுயம்புலிங்கம் காவலுக்கென்று வாங்கிப்போய், நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

"கூப்பிட்டா வரமாட்டேங்கு, கம்பவுண்டரே. கைய ஆட்டுனா வருமுன்னிய. கடையில சாமான் நிறுப்பேனா, கைய ஆட்டிக்கிட்டு நிப்பேனா?"

அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஐப்பசியில் ராஜபாளையம் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி கண்டது. பருத்தி ஏற்றிவரும் வண்டிமாடுகளைப் பார்க்க ஒரு ஜின்னிங் ஆலைக்கு ஏசுவடியான் போனார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரங்கள் இருபது ஒரே கூரையின்கீழ் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தில் தம் குரலே தமக்குக் கேட்கவில்லை. அங்கே வேலை செய்த பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி விரலைச் சுழற்றினாள், தூரத்தில் நின்றவள் கூடையோடு வந்தாள். இன்னொருத்தி தாடையைத் தொட்டு ஏதோ சொல்ல, நாலுபேர் சிரித்தார்கள். ஏசுவடியான் மாட்டை மறந்து நின்றுவிட்டார்.

வெளியே வந்த ஒரு நடுத்தர வயசுப் பெண்ணிடம் விசாரித்தார். பெயர் வெள்ளத்தாய். ஆலைக்குப் பின்னால் லயன் வீட்டில் தனியாக இருந்தாள்.

"உள்ள எல்லாம் கைப்பேச்சுதான்யா. பழகிட்டு" என்றாள்.

"இங்க நாய் இல்லையா? கொட்டைக் குடோன்ல எலி, பாம்பு எல்லாம் வருமே."

"எத்தனையோ கொண்டாந்து பாத்தாச்சு. மிசின ஓட்டுனதும் வால இடுக்கிக்கிட்டு ஓடிரும்."

அடுத்த ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலை ரயிலில் நாயோடு வந்து இறங்கினார். ஆலை வாசலில் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நாய் வாசற்படியில் நின்றது. தரையின் அதிர்வு அதன் கால்வழியே ஏறுவது தெரிந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தது, மறுகாலைத் தூக்கிப் பார்த்தது. பிறகு உள்ளே போய் ஒவ்வோர் எந்திரமாக மோந்துவிட்டு, வெள்ளத்தாயின் எந்திரத்துக்குப் பக்கத்தில் வயிற்றைத் தரையோடு வைத்துப் படுத்துக்கொண்டது. வெள்ளத்தாய் அவரைப் பார்த்தாள். அவர் மார்பில் தட்டிக் காட்டினார். அவளும் அப்படியே தட்டினாள். நாய் எழுந்து அவளிடம் போனது.

நாயில்லாமல் திரும்பிய ரயிலில் கையிலிருந்த கயிற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தை மாதம் மறுபடி அந்தப் பக்கம் வேலை வந்தது. ஆலை முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நாய் அவரைக் கண்டதும் ஓடிவந்து, பழைய முழங்கையையே தேடி நக்கியது. கால் துளியும் நொண்டவில்லை. அதற்குள் வாசலில் வெள்ளத்தாய் வந்து நின்று, இரண்டு விரலால் தன் மூக்கு நுனியைத் தொட்டாள். நாய் அவளை நோக்கித் துள்ளி ஓடியது.

அந்தச் சாடையை அவர் பழக்கவில்லை. "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"அது அவ பேருய்யா. நாங்க எல்லாருமாச் சேந்து வச்சோம்."

"வாயால சொல்லணும்னா?"

வெள்ளத்தாய் யோசித்தாள். "அத ஒருத்தரும் சொல்லிப் பாக்கலயே" என்றாள்.

ஏசுவடியான் மருந்துப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் தம் மூக்கைத் தொட்டார்.