ஆறு மில்லித் துளை

பெருநாள் காலையில் முதல் காப்பி மூத்தவர் வீட்டில்தான். நஸீப் கல்லறைக்குப் போய்விட்டு வந்து, மனைவி நுஹாத் கொடுத்த மஅமூல் பலகாரத் தட்டோடு ஆறாம் மாடிக்கு ஏறினார். அக்கா விதாத் அங்கே தனியாக இருந்தாள். நஸீப்பின் வீடு அதற்கு நேர் கீழே, ஐந்தாம் மாடியில்.

கதவைத் தட்டினார்.

"அக்கா, பெருநாளும் அதுவுமா இன்னும் தூக்கமா?"

"தூங்கல. கீழ கெடக்கேன்."

"எங்க கீழ?"

"தரையிலதான். எங்கன்னு கேக்கறான் பாரு. சமையலறை வாசல்ல வழுக்கிருச்சு. இடுப்பு ஒரு பக்கம் அசைய மாட்டேங்குது."

அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. நுழைத்தார். பாதியோடு நின்றது.

"சாவி உள்பக்கம் மாட்டியிருக்கா?"

"நீதானே சொன்ன. சாவிய மாட்டி அரைச் சுத்து திருப்பி விட்டா எந்தக் கள்ளச் சாவியும் நுழையாதுன்னு. எட்டு வருஷமா அப்படித்தான் செய்யறேன்."

எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கட்டடத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருடு போனது. அப்போது நஸீப்புக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. அக்காவுக்கு அவரே கதவு செய்தார். இரண்டு அடுக்கு இரும்பு. நான்கு பக்கமும் தாழ். அடியில் நூல் நுழையாத அளவுக்கு ரப்பர். கீல் உள்ளே மறைந்திருக்கும். பூட்டுக்கு முன்னால் நான்கு மில்லி எவர்சில்வர் தகடு, துளை போட வருகிறவனைக் களைக்க வைப்பதற்காக. வெளியே பார்க்கும் கண்ணாடித் துளை மட்டும் வேண்டாம் என்றாள் விதாத். கிழவியை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். பால்கனிக்குக் கம்பி போட்டதும் அவர்தான்.

"ஊசி போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"ஏழரைக்குப் போட்டேன். சாப்பிடத்தான் எந்திரிச்சுப் போனேன்."

மணி எட்டே கால். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று விதாத் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது. அன்று கதவு திறந்திருந்தது.

தட்டைப் படியில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். பூட்டுக்காரர் ஃபோனை அணைத்து வைத்திருந்தார். பெருநாளுக்கு மலைக்குப் போயிருப்பார். மீட்புப் படையில் ஒரு பையன் எடுத்தான்.

"ஒரே வண்டிதான் மாமா. கடற்கரை ரோட்டுல விபத்து, அங்க போயிருக்கு. முடிஞ்சதும் வரும்."

"எப்ப முடியும்?"

"அல்லாஹ் நாடினா சீக்கிரம்."

அந்த ஊரில் அந்தச் சீக்கிரத்துக்குக் கணக்குக் கிடையாது.

எதிர்வீட்டு ஷவ்கி பைஜாமாவோடு வெளியே வந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். நஸீப்பை மகன் பேரால் அபூ நாதிர் என்றுதான் கூப்பிடுவார். அந்த மாடியில் பெருநாளுக்கு ஊருக்குப் போகாதவர் அவர் ஒருவர்தான்.

"என்ன அபூ நாதிர், கதவு உங்களையே உள்ள விட மாட்டேங்குதா?"

"டிரில் மெஷின் இருக்கா?"

"மெஷின் இருக்கு. பிட் எல்லாம் மொட்டை. போன மாசம் சுவத்துல கம்பியப் போய்க் குத்திட்டேன்."

பட்டறையை விற்றபோது கட்டிங் மெஷினும் அதோடு போனது. நஸீப்பிடம் மிஞ்சியது பால்கனியில் ஒரு சாணை மோட்டாரும் ஒரு தகரப் பெட்டியில் பழைய டிரில் பிட்டுகளும். எல்லாம் முனை மழுங்கியவை. கடைகள் மூன்று நாளைக்குத் திறக்காது.

"கவர்ன்மென்ட் கரண்டு இன்னைக்கும் இல்ல. பத்து மணிக்குத் தெரு ஜெனரேட்டர நிறுத்திருவான்" என்றார் ஷவ்கி. "பன்னெண்டுக்குத்தான் போடுவான்."

"தெரியும்."

கீழே ஓடினார். நுஹாத்திடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்காமலே ஃப்ரிட்ஜை அணைத்தாள். ஜெனரேட்டர் சந்தாவில் அவர்களுக்கு ஐந்து ஆம்பியர்தான். ஃப்ரிட்ஜும் சாணையும் சேர்ந்து ஓடினால் கீழே தெருவில் சுவிட்ச் விழுந்துவிடும். பெருநாள் இறைச்சி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது.

நாற்பது வருடம் அவர் கையால்தான் சாணை பிடித்தார். பேசிக்கொண்டே பிடிப்பார். சக்கரத்தைப் பார்க்கக்கூட மாட்டார். மூன்று வருடமாகக் கை நடுங்குகிறது. வலது கண்ணில் புரை. சிட்னியிலிருந்து மகன் நாதிர் ஜிக் என்ற ஒரு பிடிப்புக் கருவி அனுப்பியிருந்தான். பிட்டைப் பள்ளத்தில் படுக்க வைத்து, பிடித்து இறுக்கி, சக்கரத்தின் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும். கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கையே வேண்டாம்ப்பா என்று ஃபோனில் சொன்னான். முடவன் வண்டி என்று நஸீப் அதற்குப் பேர் வைத்தார். அதுவரை பெட்டியைப் பிரிக்கவில்லை.

இப்போது பிரித்தார். மோட்டாருக்கு முன்னால் திருகினார். பள்ளத்தின் நுனியில் ஒரு சின்ன நாக்கு இருந்தது. பிட்டின் வெட்டு விளிம்பு அதில் ஒட்டி நிற்க வேண்டும். ஆறு மில்லி பிட் ஒன்றை எடுத்து வைத்தார். விரல் நடுங்கியது. தடவிப் பார்த்து நாக்கில் முட்டவிட்டு இறுக்கினார். ஆட்டினார். பொறி பறந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கம். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தார். வழுக்கவில்லை. கடித்தது.

மறுபடியும் மேலே. ஷவ்கி தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து மெஷினைத் தயாராக வைத்திருந்தார்.

"அக்கா, சத்தம் வரும். பயப்படாத."

"திருடனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு மணி நேரம்னு சொன்ன. அதுக்குள்ள பயந்து ஓடிருவான்னு சொன்ன."

"நான் ஓட மாட்டேன்."

தகட்டில் புள்ளி குத்தி, பிட்டை வைத்து அழுத்தினார். பிட் சுற்றியது. கத்தியது. தூள் வரவில்லை. இன்னும் அழுத்தினார். ஷவ்கியும் பின்னால் நின்று அவர் தோளைத் தள்ளினார். தகட்டிலிருந்து சூட்டு வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி போல ஒரு பளபளப்பு. அவ்வளவுதான்.

அவர் இன்னொரு பிட்டைத் தீட்டினார். அதுவும் நகத்தைக் கடித்தது. அதுவும் கத்தியது. மணி ஒன்பது.

மூன்றாவதைத் தீட்டி முடித்ததும் நுஹாத் அதைக் கையிலிருந்து வாங்கினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"முன்னாடி விளிம்பு தாழ்ந்து இருக்கு. பின்னாடிதான் உசரமா இருக்கு. நீங்க தீட்டினா அப்படி இருக்காதே. கிச்சன் சுவத்துல ஆணிக்குத் துளை போட நீங்க கொடுத்தத நான் பாத்திருக்கேன்."

அவர் திண்டில் உட்கார்ந்தார். அவர் கைக்கு எப்போதும் பிட் வலப்பக்கம்தான் திரும்பும். ஜிக்கின் நாக்குக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். விளிம்புக்குப் பதிலாக அதன் முதுகை நாக்கில் முட்டவிட்டிருக்கிறார். மூன்று பிட்டையும் அப்படித்தான். விளிம்பு கூர்தான். ஆனால் தகட்டைத் தொட்டது முதுகு. அது வெட்டாது. தேய்க்கும்.

தேய்த்தால் எவர்சில்வர் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். பட்டறையில் ஆள் மாற்றி ஆள் திட்டியிருக்கிறார். மொட்டைப் பிட்டை எவர்சில்வர்ல வெச்சுத் தேய்க்காதடா, அந்த இடம் இறுகிப் போயிரும், அப்புறம் எதை வெச்சாலும் எறங்காது.

"என்ன ஆச்சு?" என்றாள் நுஹாத்.

"ஒண்ணுமில்ல. நீ பாத்துச் சொல்லு. நான் திருப்பறேன்."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் பிட்டைத் துளித் துளியாகச் சுழற்றினார். போதும் என்றாள். இறுக்கினார். மோட்டாரைப் போட்டதும் சுவிட்ச் விழுந்தது. மேலே ஷவ்கி மெஷினைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவர்கள் வீட்டில் மட்டும் கரண்டு போயிருந்தது.

"வாட்டர் ஹீட்டர்" என்றாள் நுஹாத். "நான் அதை மறந்துட்டேன்."

ஐந்து மாடி இறங்கித் தெருப் பெட்டியில் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தது அவள்தான். அப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து. அவளால் பேச முடியவில்லை. தீட்டுங்கள் என்று கையால் சைகை காட்டினாள்.

இந்தமுறை பிட் சரியாக வந்தது. அவருக்கே தெரிந்தது, பொறியின் நிறத்தில்.

மேலே போனபோது ஷவ்கி கதவில் காதை வைத்திருந்தார்.

"கொஞ்ச நேரமா வேற மாதிரி பேசறாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"அக்கா."

உள்ளேயிருந்து தாமதமாகப் பதில் வந்தது.

"அப்பா, கதவ இப்படித் தட்டாதீங்க. நஸீப் தூங்கறான்."

பிட்டை மாட்டினார். பழைய புள்ளியில் வைத்தார். பூட்டின் நடு அதுதான். அதைத் துளைத்தால்தான் சாவியைப் பின்னால் தள்ள முடியும். நல்ல பிட். நல்ல முனை. இறுகிப்போன இடத்தில் ஒரு கீச்சு. எடுத்துப் பார்த்தார். முனை நீலம் பாரித்திருந்தது.

முதல் இரண்டைப் போலவே இதுவும் சூட்டில் கெட்டுவிட்டது, இனித் தீட்டினாலும் நிற்காது. பெட்டியில் ஆறு மில்லி இன்னும் ஒன்றுதான்.

மீண்டும் கீழே. நுஹாத் பார்த்துச் சொன்னாள். அவர் திருப்பினார். இறுக்கினார். தீட்டினார். இந்தமுறை புள்ளியை இரண்டு மில்லி தள்ளிக் குத்தினார். பூட்டின் ஓரத்தில் விழும். ஆனாலும் ஒருவேளை. மெதுவாகச் சுற்ற விட்டார். நுஹாத் கரண்டியில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். பிட் தகட்டைப் பிடித்தது. ஒரு வெள்ளிச் சுருள் எழுந்து வளைந்து தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"எறங்குது" என்றார் ஷவ்கி. "யப்பா, எறங்குது."

"பேசாதீங்க."

ஒரு மில்லி. ஒன்றரை. இரண்டு.

மெஷின் நின்றது. மணி பத்து.

தெருவில் ஜெனரேட்டரின் இரைச்சல் நின்றதும் கடலின் சத்தம் கேட்டது. கீழே குழந்தைகள் பெருநாளுக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கியில் கேப் வெடித்தார்கள்.

"அவன்கிட்ட போய்ப் பேசறேன்" என்று ஷவ்கி பைஜாமாவோடு படியில் ஓடினார்.

ஜெனரேட்டர்க்காரர் அறையைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தார். முதல் காப்பி மூத்தவர் வீட்டில். ஷவ்கி டாக்ஸியை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்.

நஸீப் மெஷினிலிருந்து பிட்டைக் கழற்றினார். இடுக்கியில் பிடித்துக் கையால் திருகிப் பார்த்தார். இரண்டு கையாலும் திருகினார். உள்ளங்கை கிழிந்தது. துளை அப்படியே இருந்தது.

கதவோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பேசிக்கிட்டே இரு."

"ம்."

"மஅமூல் கொண்டு வந்திருக்கேன். பேரீச்சம்பழம் வெச்சது. உனக்குப் புடிச்சது."

"நஸீப்புக்கும் எடுத்து வைங்க."

"வெச்சிருக்கேன்."

"அவன் எல்லாத்தயும் தின்னுருவான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பத்தே முக்கால் வரை குறட்டை போல ஒரு சத்தம் வந்தது. அது மூச்சுதான் என்றாள் நுஹாத். அவள் மறுபடி மறுபடி மீட்புப் படைக்கு ஃபோன் செய்தாள். பையன் அலுக்காமல் அதையே சொன்னான்.

பதினொன்று இருபதுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் சட்டையில் இன்னொருவருடைய ரத்தம் காய்ந்திருந்தது. அவர்கள் பூட்டைப் பார்க்கவே இல்லை. கீல் பக்கம் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரிகிற இரும்பு வாய் ஒன்றைச் செருகி, கையால் பம்ப் அடித்தார்கள். சுவர் உதிர்ந்தது. சட்டம் வளைந்தது. கதவு கீல் பக்கமிருந்து விலகி வந்தது. நான்கு நிமிடம்.

"இந்தக் கதவ யார் செஞ்சது?" என்றான் மூத்தவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "பூட்டுப் பக்கம் போயிருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்."

விதாத் சமையலறை வாசலில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஒருவன் ஊசி போட்டான். ஒருவன் ஈறில் தேன் தடவினான்.

"மூச்சு இருக்கு" என்றான்.

"பேசுவாளா?" என்றார் நஸீப்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்க?"

பேச்சு நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு என்றாள் நுஹாத். அவன் தலையை ஆட்டினான். அது எதற்கான தலையாட்டல் என்று தெரியவில்லை.

லிஃப்ட் இல்லை. போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வண்டியில் கூட ஒருவருக்குத்தான் இடம். பெண்பிள்ளை வரட்டும் என்றார்கள். நுஹாத் பெருநாள் உடையோடு ஏறிக்கொண்டாள். ஷவ்கி டாக்ஸியோடு இன்னும் திரும்பவில்லை.

நஸீப் ஆறாம் மாடிக்குத் திரும்ப ஏறினார். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தது. கதவு சுவரில் சாய்ந்து நின்றது. நான்கு பக்கமும் தாழ் நீட்டியபடி. உள்பக்கம் சாவி அப்படியே, அரைச் சுற்றில். அதில் விதாத் கண்ணேறுக்கு ஒரு நீல மணி கோத்திருந்தாள்.

இரண்டு விரலால் திருப்பினார். கை நடுக்கம் அதற்குத் தடையாக இல்லை. மாதம் ஒருமுறை அவரே எண்ணெய் போடுகிற பூட்டு. நான்கு தாழும் சத்தமில்லாமல் உள்ளே போயின.